ஒரு பிடி அரிசியும் மனித மனமும்



நல்லது எது, தீயது எது என்று அறியாமற் கெட்டவர்கள் உலகத்திலே சிலர்தான். அறிந்திருந்தும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்து கெட்டவர்களே பலர். திருக்குறளில் 'மடியின்மை' என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், அளவிறந்த தூக்கம் என்ற நான்கையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறார். கெடும் இயல்புடையோர் தாமே விரும்பி ஏறுகின்ற மரக்கலம் இவை என்பது பரிமேலழகர் உரை.

அனலைதீவு மக்களுக்கு இந்த மரக்கலத்தை விளக்கவேண்டியதில்லை. ஊர்காவற்றுறைக்குப் போகிற படகுக்கு நேரத்தோடு இறங்குதுறைக்கு வராதவரின் அன்றைய அலுவல் தவறிப்போகும். ஆகையால் எப்படியும் வந்துவிடுகிறோம். ஆனால் சேமிப்பு, மருந்து, பிள்ளையின் படிப்பு முதலிய காரியங்களுக்கு இப்படி நேரம் குறித்துப் புறப்படும் படகு கிடையாது. அதனாலேதான் அவற்றிலே பிந்திவிடுகிறோம்.

இதற்கு மருந்து புத்திமதி என்று நாம் நினைக்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்கள் சற்று அதிகமாகவே நினைக்கிறோம். இக்கால நடத்தையியல் அறிஞர் வேறொரு வழியைக் காட்டுகின்றனர். மனிதன் முடிவெடுக்கின்ற நேரத்தையும் இடத்தையும் சிறிது ஒழுங்குபடுத்திவிட்டால், நல்ல முடிவு அவனுக்கு எளிதாகிவிடும் என்பது அவர்கள் கொள்கை. கட்டாயமும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மெல்ல ஒரு தூண்டுதல் மாத்திரமே. இத்துறையில் உழைத்த அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சட் தேலருக்கு 2017ஆம் ஆண்டிலே பொருளியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது.

அவரும் ஷ்லோமோ பெனார்ட்சி என்பவரும் தொழிலாளருக்காக ஒரு சேமிப்புத் திட்டம் வகுத்தனர். "இன்றைக்கே கூடுதலாகச் சேமியுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. "இனிமேற் சம்பளம் உயரும்போது, உயர்வில் ஒரு பங்கு சேமிப்புக்குப் போகச் சம்மதமா? விரும்பாவிட்டால் எப்போதும் விலகலாம்" என்று கேட்டார்கள். முதலில் இதனை நடைமுறைப்படுத்திய நிறுவனத்திலே, சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 வீதத்திலிருந்து 13.6 வீதமாக உயர்ந்தது.

இது எங்கள் அடுக்களைக்குப் புதிய செய்தியா? பிடியரிசியை நினைத்துப் பாருங்கள். உலையில் அரிசி இடுமுன்னரே ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலே போட்டுவைப்பார்கள் எங்கள் பெண்கள். கோயிலுக்கும் பாடசாலைக்கும் இல்லாதவர்க்கும் அது உதவிற்று. உண்டு மிஞ்சியதைக் கொடுப்போம் என்றிருந்தால் ஒருநாளும் மிஞ்சியிராது. முதலிலே எடுத்தபடியால் குறைந்தது தெரியவில்லை. உலைவைக்கும் வேளையே நினைவூட்டும் மணியாகவும் அமைந்தது.

சீட்டும் அத்தகையதே. பன்னிரண்டு பேர் மாதம் 5,000 ரூபா வீதம் கட்டினால், மாதந்தோறும் ஒருவர் கையில் 60,000 ரூபா சேரும். தனியே அந்தக் காசைச் சேர்க்கமாட்டாதவரும் சீட்டுக் காசை எப்பாடுபட்டும் கட்டிவிடுவார். மற்றப் பதினொரு பேர் முகத்திலும் விழிக்கவேண்டுமே என்ற மானம் அவரைச் சேமிக்கவைக்கிறது.

ஆனால் நேயர்களே, இந்த மானத்தைக் கடன் கொடுப்பவனும் அறிவான். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்குக் கிழக்கிலே பரவிய நுண்கடன்களிற் பல, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் பொறுப்பு என்ற முறையில் வழங்கப்பட்டன. சீட்டிலே ஒருவரையொருவர் தாங்கிய அதே கயிறு, இங்கே கழுத்தை நெரித்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று வாடிய குடும்பங்கள் பல. 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று.

ஆகவே தூண்டுதல் எதுவானாலும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இதனால் நன்மை யாருக்கு? இது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா? வேண்டாமென்றால் விலக முடியுமா? 2016ஆம் ஆண்டு முதல் எங்கள் நாட்டில் மென்பானப் போத்தல்களிலே சீனியின் அளவை நிறத்தாற் காட்டும் அடையாளம் இடப்பட்டு வந்திருக்கிறது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். குடிக்காதே என்று எவரும் தடுக்கவில்லை. கை நீளுகின்ற அந்தக் கணத்திலே கண் ஒருமுறை எச்சரிக்கிறது. மூன்று கேள்விகளுக்கும் இது நேராக விடை சொல்லும்.

எங்கள் தீவுகளிலே பல வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் காசு வருகிறது. மாதக் கடைசியில் மிஞ்சினால் வங்கியிற் போடுவோம் என்று வைத்திருக்கவேண்டாம். காசு வந்த அன்றைக்கே, கடைக் கணக்குத் தீர்க்குமுன்னே, ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். இரவு மருந்தை மறக்கிறவர் அதைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலே வையுங்கள். எவராவது "இப்பவே கையெழுத்து வையுங்கோ" என்று கடன் பத்திரத்தை நீட்டினால், "ஒரு இரவு பொறுங்கோ, வீட்டிலே கதைச்சுச் சொல்லுறன்" என்று மறுமொழி சொல்லப் பழகுங்கள். நல்ல காரியத்துக்குத் தாமதம் பகை. கடனுக்கோ தாமதமே காவல்.