ஓட்டத்தைத் தள்ளிவைப்போம், தேதி குறித்துவிட்டு

(2024 டிசம்பர் 15 அன்று நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

டீ ஆறிவிடும் முன் முடித்துவிடுகிறேன்.

ஜனவரி 5 ஞாயிறு காலை சில்வர் பீச்சிலிருந்து 10 கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவதாக அக்டோபரில் முடிவு செய்தோம். பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும் பெயர் கொடுத்துப் பணம் கட்டிவிட்டார்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பிறகு சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்து, தென்பெண்ணை தாழங்குடா, குண்டு உப்பலவாடி பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. நம் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

"துக்க நேரத்தில் ஓட்டமா" என்று கேட்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாசி மகத்துக்கு இதே கடற்கரையில் ஊரே கூடுகிறது. சுனாமி வந்த ஊர் என்பதற்காக யாரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை. கூடுவது தப்பில்லை. கூடுவதற்கு யாருடைய கையைப் பிடித்து இழுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஓட்டம் என்றால் சாலையை மறிக்க போலீஸ் வேண்டும், ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். முடிந்தபின் கிடக்கும் பாட்டில்களைத் தூய்மைப் பணியாளர்கள் பொறுக்க வேண்டும். அவர்கள் இரண்டு வாரமாகச் சேறு அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டுக்குள்ளும் அதே சேறு. நம் பார்க்கிங்கில் நின்ற தண்ணீர் மோட்டார் போட்டதும் வடிந்துவிட்டது. அதனால் நமக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் 2012-ல் இதே சிக்கல் வந்தது. அக்டோபர் 29 சாண்டி புயல், நவம்பர் 4 மாரத்தான். நடக்கும் என்றே மேயர் ப்ளூம்பெர்க் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டம் தொடங்கும் இடம் ஸ்டேட்டன் ஐலண்ட். அந்த நகரத்தில் புயலுக்கு அதிகம் பேர் இறந்த பகுதியும் அதுதான். மக்கள் கரண்ட் இல்லாமல் இருக்க, சென்ட்ரல் பார்க்கில் மாரத்தான் கூடாரத்துக்கு ஜெனரேட்டர்கள் நின்றன. அந்தப் படம் பத்திரிகையில் வந்ததும் ஊர் கொதித்தது. நவம்பர் 2-ல் ரத்து செய்தார்கள். அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களில் பலர் முதுகுப்பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு ஸ்டேட்டன் ஐலண்டுக்கே உதவி செய்ய ஓடினார்கள். நிறுத்தியதைவிட, கடைசி நேரம்வரை இழுத்ததுதான் அங்கே தப்பு என்று நினைக்கிறேன்.

சென்னையிலும் 2023-ல் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோது, டிசம்பர் 9, 10-ல் தீவுத்திடலைச் சுற்றி நடக்க இருந்த ஃபார்முலா 4 கார் பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கி நடத்தினார்கள். தள்ளிவைத்ததால் பந்தயம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

"ஓடி வரும் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுக்கலாமே" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டி-ஷர்ட், மெடல், மேடை, மைக் செட் போக எவ்வளவு மிஞ்சும்? கொடுப்பதென்றால் இப்போதே கொடுக்கலாம். பாய், போர்வை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் இந்த வாரம் தேவை. ஜனவரியில் அல்ல.

இன்னொன்று. வரும் 26-ம் தேதி சுனாமிக்கு 20 வருடம். கடற்கரையில் பால் ஊற்ற வருகிறவர்கள் முன்னால் நம் ஓட்ட பேனர் ஆடிக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் யோசனை: பிப்ரவரி 23, ஞாயிறு. மாசி மகத்துக்கு முன்பே வந்துவிடும், வெயிலும் ஏறியிருக்காது. அதற்குள் தாழங்குடாவுக்குப் போய், பாதை அவர்கள் தெரு வழியாகப் போகலாமா என்று அவர்களிடமே கேட்போம். வேண்டாம் என்றால் பாதையை மாற்றுவோம். அதற்கு மேல் "சூழ்நிலை சரியானதும்" என்று தேதி இல்லாமல் விட வேண்டாம். அப்படி விட்ட எதுவும் நம் சங்கத்தில் நடந்ததில்லை, லிஃப்ட் பெயிண்ட் உட்பட.

கட்டிய பணம் பிப்ரவரிக்குச் செல்லும். திரும்ப வேண்டும் என்பவர்கள் டிசம்பர் 31-க்குள் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள், முழுசாகத் தருவோம். நிவாரணத்துக்கே போகட்டும் என்பவர்கள் அதையும் எழுதிக் கொடுங்கள். இப்போது கை தூக்கலாம்.