நீரும் பனிக்கட்டியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரையும் பனிக்கட்டியையும் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். பனிக்கட்டியைச் சர்பத்துக் கடையிலன்றி வேறெங்கும் காணாத நாம் துருவக் கடலைப்பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணலாம். துருவக் கடலிலே பனிமலையை மிதக்கச் செய்யும் அதே நியதிதான் நம்முடைய கிணற்றிலே நன்னீரை நிறுத்தி வைத்திருக்கிறது. அதனை எடுத்துக் காட்டுவதே என் நோக்கம். அது விளங்கினால் நாம் செய்யவேண்டிய கடமைகள் சிலவும் தாமே விளங்கும்.

நம் முன்னோர் நீரை வெறும் பண்டமாகக் கருதவில்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். பஞ்சபூதத் தலங்களுள் திருவானைக்கா அப்புத் தலமாகப் போற்றப்படுகிறது. பனிக்கட்டியும் நம் சமயத்துக்கு அந்நியமானதன்று. காசுமீரத்து அமர்நாத் குகையிலே, பாறையிலிருந்து சொட்டும் நீர் உறைந்து இலிங்க வடிவாக எழுகின்றது. அதனைத் தரிசிக்க ஆண்டுதோறும் அடியார்கள் மலையேறுகின்றனர். கங்கையின் தலையூற்றாகிய பாகீரதி கோமுகத்திலே கங்கோத்திரிப் பனியாற்றின் வாயிலிருந்தே புறப்படுகின்றது. நாம் போற்றும் கங்காதீர்த்தம் ஒரு காலத்தில் பனிக்கட்டியாக இருந்ததே.

இனி விஞ்ஞானம் சொல்வதைப் பார்ப்போம். பெரும்பாலான பொருள்கள் திரவ நிலையிலிருந்து திண்ம நிலையை அடையும்போது சுருங்கிப் பாரங்கூடி அடியில் தாழும். நீரோ வேறு விதமாக நடக்கின்றது. குளிரக் குளிர அதுவும் சுருங்கும். ஆனால் 4 பாகையை அடைந்ததும் சுருங்குவதை நிறுத்தி விரியத் தொடங்கும். 0 பாகையில் உறையும்போது மேலும் விரியும். 11 படி நீர் உறைந்தால் ஏறக்குறைய 12 படி பனிக்கட்டி ஆகும். ஆகையால் பனிக்கட்டி நீரில் மிதக்கின்றது. குளிர் நாட்டு ஏரிகள் மேலிருந்து கீழாக உறைகின்றன. மேலே மனிதர் நடமாடும் அளவுக்குப் பனி இறுகியிருக்க, கீழே 4 பாகை நீரிலே மீன்கள் உயிர் பிழைக்கின்றன. பனிக்கட்டி நீரில் தாழ்வதாயின் அவ்வேரிகள் அடியிலிருந்து உறைந்து மாரிகாலத்தில் உயிரற்றுப் போயிருக்கும்.

கடல்நீர் உறைவதற்கு இன்னும் கடுங் குளிர் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 1.8 பாகையிலேயே அது உறையும். உறையும்போது உப்பைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். கடலில் மிதக்கும் பெரும் பனிமலைகளோ நிலத்திலே பெய்த பனி ஆண்டாண்டாக இறுகிப் பனியாறாகி, அது கடலுட் புகுந்து முறிந்தமையால் உண்டானவை. அவை முழுதும் நன்னீர். 1773ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் கப்டன் ஜேம்ஸ் குக் தென்கடலில் இதனைப் பயன்படுத்தினார். அவருடைய மாலுமிகள் சிறு படகுகளிற் சென்று, மிதந்த பனிக்கட்டிகளை அள்ளி வந்து உருக்கிக் குடிநீராகச் சேமித்தார்கள். அதே மாதம் 17ஆந் திகதி அவருடைய கப்பல் தென்துருவ வட்டத்தைக் கடந்தது. அதற்குமுன் எவரும் அவ்வட்டத்தைக் கடந்ததாகச் சரித்திரம் இல்லை.

பனிக்கட்டி மாலுமிக்குத் தண்ணீர் தந்தது. அதுவே அவனுக்குச் சிறைச்சாலையும் ஆயிற்று. சுவீடன் நாட்டார் சார்பில் நோர்டென்ஷெல்ட் என்னும் அறிஞர் 1878ஆம் ஆண்டில் 'வேகா' என்னும் கப்பலிலே ஆசியாவின் வடகரை வழியாகப் புறப்பட்டார். பசிபிக் சமுத்திரத்துக்குட் செல்லச் சிறிது தூரமே இருக்கும்போது, செப்டம்பர் இறுதியிலே கப்பல் பனியில் அகப்பட்டது. அடுத்த ஆண்டு யூலை 18ஆந் திகதியே அது விடுபட்டது. பத்து மாதம் வரை பனியிலே கிடந்தும் ஓர் உயிரும் சேதமாகவில்லை. அக்கப்பல் திரும்பும் வழியில், 1879 டிசம்பரில், நம் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வந்தது. நோர்டென்ஷெல்ட் இரத்தினபுரிக்குச் சென்று மாணிக்கக் குழிகளைப் பார்வையிட்டார். துருவப் பனியைக் கடந்து வந்த கப்பலொன்று நம் நாட்டுக் கரையிலே நங்கூரமிட்டது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

பனியோடு மல்லுக்கு நிற்கலாகாது, அதன் போக்கை அறிந்து நடக்க வேண்டும் என்பதை நோர்வே நாட்டு நான்சன் காட்டினார். அவருக்காகக் கொலின் ஆர்ச்சர் என்னும் கப்பற் சிற்பி அமைத்த 'பிராம்' என்னும் கப்பலின் அடிப்புறம் உருண்டையானது. பனி இருபுறமும் நெருக்கும்போது அது நொறுங்காமல் மேலே எழும்பும். 1893 முதல் 1896 வரை அது பனியோடு பனியாக மிதந்து பத்திரமாக மீண்டது. ஷாக்கிள்டன் என்பவரின் 'எண்டியூரன்ஸ்' கப்பலுக்கோ அத்தகைய அமைப்பு இல்லை. 1915ஆம் ஆண்டு வெடல் கடலிலே பனியில் அகப்பட்டு, நெருக்குண்டு உடைந்து, நவம்பர் 21ஆந் திகதி அமிழ்ந்தது. அதிலிருந்த 28 பேரும் அருந் துன்பங்களின்பின் உயிர் தப்பினர். 2022 மார்ச்சில் அக்கப்பலை ஏறக்குறைய 3,000 மீற்றர் ஆழத்திலே கண்டுபிடித்தார்கள்.

பனிக்கட்டி வெப்ப நாடுகளுக்குக் கப்பலேறி வந்த கதையும் உண்டு. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்குவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே அளவு நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கவும் அவ்வளவு வெப்பமே போதும். ஆகவே பனிக்கட்டி விரைவில் உருகிப் போவதில்லை. இதனை அறிந்த அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர், தம் நாட்டு ஏரிகளிலே அறுத்த பனிக்கட்டியை வெப்பம் புகாதபடி மூடி, 1833ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பிரயாணத்தின் பின்னும் பெரும்பகுதி உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையிலும் அதற்கென ஒரு மாளிகை எழுந்தது. 1897 சனவரியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நம்மவர்க்கு ஞானோபதேசஞ் செய்த சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையிலே தங்கியது அந்த 'ஐஸ் ஹவுஸ்' மாளிகையிலேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகின்றது.

இனி நம்முடைய கிணற்றுக்கு வருவோம். பனிமலை கடலில் மிதக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே வெளியே தெரியும். ஒன்பது பங்கு நீருள் மறைந்திருக்கும். 1912ஆம் ஆண்டு 'டைட்டானிக்' கப்பல் மோதியது அத்தகைய மலையொன்றிலேயே. யாழ்ப்பாணத்தின் நன்னீரும் இவ்வாறே மிதக்கின்றது. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றில்லை. வாடைக்காற்றுக் காலத்து மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோலத் தங்குகின்றது. உவர்நீர் நன்னீரிலும் சிறிது பாரமானது. 40 அடி உவர்நீர் 41 அடி நன்னீருக்குச் சமனான எடையுடையது. ஆகையால் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் அதனைத் தாங்கி நிற்கும். ஒல்லாந்தராகிய கைபன் என்பவரும், பின்னர் 1901இல் ஜெர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இக்கணக்கைக் கண்டறிந்தனர்.

நிலாவரைக் கிணறு இதற்கு நல்ல சாட்சி. வானரப் படையின் தாகந் தீர்க்க இராமபிரான் உண்டாக்கியதென்று ஐதிகம் கூறும் அக்கிணற்றிலே மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர்நீர். கீரிமலையிலோ நன்னீர் கடலோரத்திலேயே ஊற்றெடுத்துக் கேணியை நிரப்புகின்றது.

அன்பர்களே, இக்கணக்கின் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மேலே ஓர் அடி நீர் குறைந்தால், காலப்போக்கில் கீழே உவர் 40 அடி உயர இடமுண்டு. கணக்கிலே காண்பது போல அது எல்லாவிடத்திலும் சரியாக நிகழாது. பாறையின் வெடிப்புகளைப் பொறுத்து வேறுபடும். ஆயினும் அபாயம் உண்மையானது. துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. போதாக்குறைக்குத் துருவத்திலும் பனி குறைந்து வருகின்றது. 2012 செப்டம்பரில் வடதுருவக் கடற்பனி 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகக் குறுகியது. மிதக்கும் பனி உருகுவதனால் கடல் அதிகம் உயராது. ஆனால் கிறீன்லாந்திலும் தென்துருவத்திலும் நிலத்தின்மேலுள்ள பனி உருகினால் கடல் உயரும். கடல் உயர்ந்தால் கரையோரக் கிணறுகளே முதலில் உவராகும். 2024இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது நல்ல காரியமே. ஆனால் அதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். மழை நமக்கு இனாமாகவே வருகின்றது.

உவரில்லாத நீரெல்லாம் தூய நீருமன்று. 1854ஆம் ஆண்டு இலண்டனில் புறோட் வீதியைச் சுற்றி 500 பேருக்கு மேல் வாந்திபேதியால் மாண்டனர். வைத்தியர் ஜோன் ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, அங்கிருந்த ஒரு நீர்க்குழாயே காரணமெனக் கண்டு, அதன் பிடியைக் கழற்றச் செய்தார். அந்தக் கிணற்றுக்குச் சில அடி தூரத்திலே மலக்குழியொன்று கசிந்துகொண்டிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. நம் வளவுகளை ஒருமுறை கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே எத்தனை அடி? தோட்டத்துக்குப் போடும் உரத்தின் மிகுதி எங்கே போகின்றது? நீரைக் கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் சாகும். ஆனால் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. பனிக்கட்டியும் அப்படியே. அழுக்கு நீரை உறையவைத்தால் கிருமிகள் யாவும் சாவதில்லை. உருகியதும் பல மீண்டும் தொழிற்படும்.

அப்பூதியடிகள் திங்களூரிலே திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தமையைப் பெரியபுராணம் சொல்கின்றது. நான் பயின்ற மிஷன் கல்லூரியிலும், எளியவன் ஒருவனுக்குக் கொடுக்கும் ஒரு கிண்ணத் தண்ணீரை யேசுநாதர் எவ்வளவு பெரிதாக மதித்தார் என்று கற்பித்தார்கள். தாகந் தீர்ப்பது தருமம் என்பதில் சமயங்களுக்குள் வேற்றுமையில்லை. நம் சங்கமும் தேர்த்திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல் வைக்கின்றது. அப்பந்தலிலே கொதித்தாறிய நீரையே சர்பத்துக்கும் மோருக்கும் பயன்படுத்துவோம். குடிநீரிற் செய்ததென்று உறுதியாகத் தெரிந்த பனிக்கட்டியையே வாங்குவோம். இது முதற் கடமை. இரண்டாவது, மாரி தொடங்குமுன் நம் ஊர்க் குளங்களையும் கோயிற் கேணிகளையும் தூர்வாரிச் சுத்தஞ் செய்வோம். அங்கே தங்கும் மழையே நிலத்துள் இறங்கி உவரை அமுக்கும். மூன்றாவது, ஊரிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியிலே பதிவோம். வருத்தமின்றி ஒரு மாணவன் செய்யக்கூடிய வேலை இது. பத்தாண்டு சென்றபின் அக்கொப்பி ஊருக்குப் பெருஞ் செல்வமாகும்.

பெரியோர்கள் நமக்குத் துலாக் கிணற்றையும் தெப்பக் கேணியையும் நன்னீரோடு விட்டுச் சென்றார்கள். நாமும் நமக்குப் பின் வருவோருக்கு அந்நீரை நன்னீராகவே ஒப்படைக்க வேண்டும்.