பெயர் பில்லில் இருக்கிறதா?

கல்லாவை மகனிடமோ மருமகளிடமோ ஒப்படைத்துவிட்டு இந்த நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே!

அயர்லாந்தில் பேட் மெக்டோனா என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் கேலிக் கால்பந்து ஆடிய காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘சூப்பர்மேக்’. 1978-ல் பாலினஸ்லோ என்ற சிற்றூரில் சாப்பாட்டுக் கடை திறந்தபோது அந்தப் பட்டப்பெயரையே பலகையில் எழுதிவிட்டார். கடை பெருகியது. ஐரோப்பா முழுக்கப் போகலாம் என்று பெயரைப் பதிவு செய்யப் போனார். குறுக்கே வந்து நின்றது மெக்டொனால்ட்ஸ். ‘எங்கள் பிக் மேக் பர்கரின் பெயரோடு உன் பெயர் குழம்பும்’ என்றார்கள்.

நம்மில் பலர் அந்த இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டு வந்திருப்போம். மெக்டோனாவின் கம்பெனி 2017-ல் எதிர்மனு போட்டது. ‘கடந்த ஐந்து வருடமாக பிக் மேக் என்ற பெயரை ஐரோப்பாவில் உண்மையாகவே பயன்படுத்தினீர்களா? நிரூபியுங்கள்!’

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் பக்கத்து வக்கீல்களும் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் தாக்கல் செய்த கட்டைப் பாருங்கள். சொந்தக் கம்பெனி ஆட்களே கொடுத்த அஃபிடவிட், விளம்பரத் தாள்கள், பர்கர் வைக்கும் அட்டைப்பெட்டி, வெப்சைட் பக்கங்களின் நகல், கூடவே விக்கிபீடியாவில் இருந்து ஒரு பிரிண்ட் அவுட்! 2019 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் பதிவையே ரத்து செய்தது. அட்டைப்பெட்டி சரி, அது யார் கைக்குப் போனது? வெப்சைட் சரி, அதைப் பார்த்து யார் வாங்கினார்கள்? விக்கிபீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாமே? எத்தனை விற்றது என்பதற்கு அந்தக் கட்டில் உருப்படியான கணக்கு இல்லை.

அப்பீலில் கூடுதல் ஆதாரம் கொடுத்துப் பெரும்பகுதியை மீட்டார்கள். ஆனால் 2024 ஜூன் 5-ம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் கோழி சாண்ட்விச்சுக்கு அந்தப் பெயரின் பாதுகாப்பை எடுத்துவிட்டது. பிரான்சில் ஒட்டிய சுவரொட்டியும் டிவி விளம்பரத்தின் படமும் இருந்தன. எவ்வளவு விற்றது, எவ்வளவு காலம் விற்றது என்பது இல்லை. மாட்டிறைச்சி பர்கருக்குப் பெயர் தங்கியது.

இதே சங்கதி நம் நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது. ஐதராபாத் வஸீர் சுல்தான் கம்பெனி ‘சார்மினார்’ பெயரை ‘தயாரிக்கப்பட்ட புகையிலை’ முழுவதற்கும் பதிந்து வைத்திருந்தது. போட்டதோ சிகரெட் மட்டும். ஜர்தா வியாபாரி ஒருவர் வழக்குப் போட்டார். 1996-ல் உச்ச நீதிமன்றம், சிகரெட்டோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அப்பளம், ஊறுகாய், மசாலா, எண்ணெய் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டு அப்பளம் மட்டும் போடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நம் 1999-ம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 47-வது பிரிவு சொல்வதும் இதுதான். பதிவுச் சான்றிதழைப் பட்டா மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். பதிவேட்டில் ஏறியபின் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்து அந்தப் பெயரில் நிஜமான வியாபாரம் இல்லையென்றால், அதனால் பாதிக்கப்பட்டவர் நீக்கச் சொல்லி மனுப் போடலாம். இதில் ஒரு கிடுக்கிப்பிடியும் உண்டு. மனுவுக்கு முந்தைய மூன்று மாதம் கணக்கில் வராது. வழக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும் அவசரமாக நாலு பெட்டி பேக் செய்து அனுப்பினால் அது செல்லாது.

தொழிலையே கட்டிப்போடும் சூழ்நிலை வந்தால் விலக்கு உண்டு. சென்னை அடிசன்ஸ் பெயிண்ட் கம்பெனிக்கும் ஆஸ்திரேலிய ஹார்டி கம்பெனிக்கும் நடந்த வழக்கில், இறக்குமதிக் கட்டுப்பாட்டை அப்படிப்பட்ட காரணமாக 2003-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அண்ணன் தம்பி பாகத் தகராறையும் அப்படியே ஏற்பார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சரி, என்ன வைத்திருக்க வேண்டும்? உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். ‘சாம்பார் பொடி 100 கிராம், 50 பாக்கெட்’ என்று இருக்கும். எச்எஸ்என் எண் இருக்கும், ஜிஎஸ்டி இருக்கும். உங்கள் பிராண்டு எங்கே? சாம்பார் பொடி விற்றதற்குத்தான் அந்த பில் சாட்சி, பிராண்டுக்கு இல்லை. கம்ப்யூட்டரில் பொருளின் பெயரோடு பிராண்டையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பாக்கெட் கவர் அடித்த அச்சகத்து பில், தயாரிப்புத் தேதி போட்ட பழைய பாக்கெட், இவற்றையும் வருடத்துக்கு ஒரு ஃபைலாகப் போட்டு வையுங்கள். பேப்பர் விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டாதீர்கள், தேதி தெரியும்படி முழுப் பக்கமும் இருக்கட்டும். கணக்குத் தணிக்கை முடிந்தது என்று பழைய பில் கட்டுகளை எடைக்குப் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. பிராண்டு பெயர் உள்ளவற்றை மட்டுமாவது பிரித்து எடுத்து வையுங்கள்.

டீ வருகிறது. செல்லிலோ பையிலோ உங்கள் கடை பில் இருந்தால் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.