கழுத்துக் கட்டியும் காதோரத் துளையும்



சில குழந்தைகளுக்குக் கழுத்தின் நடுவே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றும். வேறு சிலருக்குக் காதின் முன்புறம் ஊசிமுனை போன்ற துளை பிறவியிலேயே இருக்கும். தாய் கர்ப்ப காலத்தில் கிரகணத்தைப் பார்த்ததே இதற்குக் காரணமென்று பழி கூறுவோர் நம்மிடையே உண்டு. அது தவறு. தாய்மீது எக்குற்றமும் இல்லை.

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் தோன்றிக் கீழிறங்கி, ஏழாம் வாரமளவில் கழுத்தில் தன் இடத்தை அடைகின்றது. அது வந்த வழி பின்னர் மறைந்துவிட வேண்டும். மறையாது எஞ்சிய வழியில் நீர் சேர்வதே நடுக்கழுத்துக் கட்டி. நாக்கை நீட்டும்போது அது மேலெழும். புறக்காதோ ஆறு சிறு மேடுகள் இணைந்து உருவாவது. அவை முழுமையாக இணையாவிடில் துளை உண்டாகின்றது.

லாலான் புல்லின் தழையை மட்டும் வெட்டினால் மீண்டும் முளைப்பதை நாம் அறிவோம். இக்கட்டியும் அத்தகையதே. கட்டியை மட்டும் அகற்றினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மீண்டும் வரும். 1920-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் சிஸ்ட்ரங்க், கட்டியோடு நாவடி எலும்பின் நடுப்பகுதியையும், நாக்கின் அடிவரை செல்லும் வழியையும் சேர்த்து அகற்றும் முறையை வெளியிட்டார். இன்றும் அம்முறையே கையாளப்படுகின்றது. இதில் கட்டி திரும்புவது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவே. அச்சிறு எலும்பை எடுப்பதால் பேச்சு கெடுமென்று அஞ்ச வேண்டியதில்லை.

அறுவைக்கு முன் ஸ்கேன் எடுத்து, தைராய்டு சுரப்பி உரிய இடத்தில் உள்ளதா என்று பார்ப்பர். அரிதாகச் சிலருக்கு அக்கட்டியே அவர்களுடைய ஒரே தைராய்டு சுரப்பியாக இருக்கக்கூடும்.

தொல்லை தராத காதுத் துளைக்குச் சிகிச்சை தேவையில்லை. அடிக்கடி சீழ் பிடித்தால், மருந்தால் வீக்கத்தைத் தணித்த பின்னர், துளையை அதன் பாதை முழுவதோடும் அகற்றுவர்.

ஆகவே, கட்டியையோ துளையையோ பிதுக்காதீர்கள். சுண்ணாம்பு தடவிக் காலந்தாழ்த்தாதீர்கள். ஒருநாள் சம்பளம் போகுமே என்ற தயக்கம் இயல்புதான். ஆனால், சீழ் பிடித்துவிட்டால் தசைகள் ஒட்டிக்கொண்டு அறுவை கடினமாகும்; கட்டி திரும்பும் வாய்ப்பும் பெருகும். கட்டி சிவந்து காய்ச்சல் கண்டாலோ, மூச்சுவிடவும் விழுங்கவும் சிரமப்பட்டாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குழந்தையைக் காட்டுங்கள். அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள்.