சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது?

 

ஒரு கிராமத்தில் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும், அங்கு யார் மேல்சாதி, யார் கீழ்சாதி என்பதை ஒருவரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். பல ஊர்களில் ஊர்த்தெருவின் கழிவுநீர் சேரிப்பக்கத்துப் பள்ளத்தில்தான் போய்த் தேங்குகிறது. கேட்டால், "பள்ளம் பார்த்து நீர் ஓடுவது இயற்கை" என்கிறார்கள். நீர் ஓடுவது இயற்கைதான். அந்தப் பள்ளத்தில் மனிதனைக் குடிவைத்தது எந்த இயற்கை?

பிரஞ்சு தேசத்தைப் பாருங்கள். அங்கும் ஆயிரம் பேர்கூட இல்லாத சிறு கிராமங்கள் ஏராளம். பட்டணத்தைப்போல் பெரிய இயந்திரங்கள் வைக்க அவற்றால் முடியாது. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற அம்மையார் 1952-இல் நீர்ச்செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். பிரஞ்சுக்காரர்கள் 1980-க்குப் பின் அதைத் தங்கள் கிராமத்துக்குத் தக்கபடி திருத்திக்கொண்டார்கள். இன்று ஆயிரக்கணக்கான இடங்களில் அது நடைபெறுகிறது.

ஆளுக்குச் சுமார் 2 சதுர மீட்டர் நிலம், பொடி ஜல்லி பரப்பிய பாத்திகள், அவற்றில் நாணல். இவ்வளவுதான் சங்கதி. குப்பையை மட்டும் கம்பித் தடுப்பில் பிடித்துக்கொண்டு, மலத்தோடு கூடிய நீரை அப்படியே ஒரு பாத்தியில் மூன்று நான்கு நாள் பாய்ச்சுகிறார்கள். பிறகு அதை ஒரு வாரம் காயவிட்டு அடுத்ததற்கு மாற்றுகிறார்கள். நீர் இறங்க, அதன் பின்னே காற்றும் இறங்குகிறது. ஜல்லியில் ஒட்டிவாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. இரண்டாம் வரிசைப் பாத்தியில் இன்னொரு முறை வடிந்து நீர் வெளியேறுகிறது. நாணல் அழுக்கையெல்லாம் உறிஞ்சிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள், அது கொஞ்சம்தான். அதன் தண்டு காற்றில் ஆடி, மேலே படியும் ஏட்டை உடைத்து, நீர் இறங்க வழிவிடுவதே பெரிய வேலை. நிலம் சரிவாயிருந்தால் மின்சாரமும் வேண்டியதில்லை.

மேலே தங்கும் கசடு வருஷத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் உயரும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை, மக்கி மண்ணாகிவிட்ட அதை இயந்திரத்தால் வாரி வயலில் இடுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். குழிக்குள் இறங்க ஒரு மனிதன் வேண்டாம்! வாரம் இரு தடவை வால்வைத் திருப்புகிறவர் என்ன சாதி என்று அங்கே கேட்பாருமில்லை.

இங்கோ 1993-இலும் 2013-இலும் சட்டம் செய்தும், மலக்குழியில் இறங்கிச் சாவது நின்றபாடில்லை. மூன்று முழுக்கில் பாவத்தைப் போக்கும் புண்ணிய தீர்த்தக்காரர்கள், அதே ஆற்றில் விழும் சாக்கடைக்கு ஒரு மந்திரமும் கண்டுபிடித்தார்களில்லை.

இந்த நீரைக் குடிக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. நோய்க்கிருமிகள் முழுதும் சாவதில்லை. தென்னைக்கும் மரத்துக்கும் விடலாம். கீரைப் பாத்திக்குக் கூடாது. முறைப்படி காயவிட மறந்தால் அடைத்துக்கொண்டு நாறவும் செய்யும்.

உங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால், "சேரி ஓரம் புறம்போக்கு இருக்கிறதே" என்று முதலில் ஒருவர் சொல்லுவார். அப்போது கிராம சபையில் எழுந்து, ஊர்த்தெரு நீருக்கு ஊர்த்தெருப் பக்கத்தில் இடம் எங்கே என்று கேளுங்கள். பள்ளம்தான் வேண்டுமென்றால், அங்கேயே வெட்டிக்கொள்ளட்டும்.