தைப்பூசப் பாலுக்கு ஐப்பசிப் புல்

தைப்பூசம் நெருங்கினால் பத்துமலையிலும் கிள்ளான் கோயில்களிலும் பால்குடத்துக்குப் பசும்பால் தேடி அலைவோம். பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் பல நாள் முன்பே மாடு வளர்ப்பவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லி வைப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் நம் பக்கம் மழை குறையும், புல்லும் சுணங்கும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, ரப்பர் மரத்தடியில் மேய்ச்சல். தீனிக்கென்று யாரும் தனியாகக் காசு எடுத்து வைத்ததில்லை. தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன, இனி கணக்குப் போட்டுத்தான் மாடு வளர்க்க முடியும்.

400 கிலோ எடையுள்ள பசு நாளுக்குச் சுமார் 40 கிலோ பச்சைப்புல் தின்னும். பத்து மாட்டுக்கு 400 கிலோ. நேப்பியர் புல்லை ஆறேழு வாரத்தில் அறுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் ஆள் உயரம் தாண்டி வளரும், பார்க்கவும் செழிப்பாக இருக்கும். ஆனால் மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும்.

புல் இல்லாவிட்டால் என்ன, செம்பனைப் புண்ணாக்கு இருக்கிறதே என்பார்கள் சிலர். அது புல்லுக்குத் துணை, புல்லாகிவிடாது. நம் நாட்டுப் புண்ணாக்கு நியூசிலாந்துக்கும் கப்பலேறுகிறது. அங்குள்ள ஃபொன்தெரா பால் நிறுவனமே, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று 2015இல் பண்ணையாளர்களுக்குச் சொன்னது. அதிகம் போட்டால் பாலின் கொழுப்புத் தன்மையே மாறிவிடுகிறது. தவ்பூ ஆலைச் சக்கையும் நல்ல தீனிதான். ஆனால் நம் வெக்கையில் சீக்கிரம் கெட்டுவிடும். அன்று வாங்கியதை அன்றே போட்டு முடித்துவிட வேண்டும்.

சேமித்து வைக்க நமக்கு உள்ள வழி ஊறுகாய்ப்புல், அதாவது சைலேஜ். வைக்கோல்போல் காய வைக்க இந்த ஊர் மழை விடாது. அறுத்த புல்லைச் சில மணி நேரம் வாட விட்டு, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். 100 கிலோவுக்கு 3, 4 கிலோ மொலாசஸ் பாகு தெளித்து, பிளாஸ்டிக் டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஏறி மிதியுங்கள். உள்ளே காற்று நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடி மூன்று வாரம் தொடாதீர்கள். திறந்ததும் இதமான புளிப்பு வாசம் வந்தால் மாட்டுக்குப் போடலாம். கறுத்துப்போய் நாற்றம் அடித்தால், செலவைப் பார்க்காமல் குப்பையில் கொட்டுங்கள்.

ஐப்பசி மழையில் புல் தேவைக்கு மேலேயே வளரும். முற்ற விடாமல் அப்போதே அறுத்து மூடி வையுங்கள். தைப்பூசத்துக்குத் தீனி தயாராக இருக்கும்.