திறமையா, தகுதியா?

நீதிமன்ற மொழிபெயர்ப்பிலேயே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரின் நினைவாக அமைந்தது இந்த உரையை நடத்தும் அறக்கட்டளை. அவருடைய மேசைக்கு அன்றாடம் வந்திருக்கக்கூடிய ஓர் ஆங்கிலச் சொல்லையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்: ‘இன்காம்பிடென்ட்’.

நம் காதுக்கு அது வசைச்சொல். அலுவலகத்தில் ஒருவரை அப்படிச் சொன்னால், வேலைக்கு லாயக்கில்லாதவர் என்றுதான் பொருள். அந்த ஒரு பொருளோடு சட்டப் புத்தகத்தைத் திறந்தால் தடுமாறிப்போவோம்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய ‘இன்காம்பிடென்ட்’. 2024 ஏப்ரலில், டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டியில் வென்றபோது சென்னையின் குகேஷுக்கு வயது 17. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஏழு பேரை முந்தியவர், அன்று நம் சட்டத்தின் கண்ணில் ஒரு வாடகை ஒப்பந்தம் போடக்கூடத் தகுதி பெறாதவர். அவரைத் ‘திறமையற்றவர்’ என்று எழுத எந்தக் கை துணியும்?

கல்கத்தாவில் 1895இல் தர்மதாஸ் கோஷ் என்பவர், உரிய வயது நிரம்பாத நிலையில், 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அவர் கெட்டிக்காரரா, ஏமாளியா என்பது அங்கே கேள்வியே அல்ல, வயதுதான் கேள்வி.

இதே வயது சாட்சிக் கூண்டில் தடையாவதில்லை. கேட்பதைப் புரிந்துகொண்டு தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தால் சிறு குழந்தையும் சாட்சி சொல்லலாம். ஆக, ஒரே குழந்தை ஒப்பந்தத்துக்குத் தகுதியில்லாதது, சாட்சியத்துக்குத் தகுதியுள்ளது. எதற்கு என்று கேட்காமல் இந்தச் சொல்லைத் தமிழாக்கவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சட்டமன்றத்தைப் பற்றியும் இந்தச் சொல் வரும். அரசமைப்புச் சட்டத்தின் மத்திய அரசுப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பற்றி மாநிலம் சட்டம் இயற்றினால், அதற்கு ‘காம்பிடென்ஸ்’ இல்லை என்பார்கள். உறுப்பினர்களின் அறிவைக் குறைத்துச் சொல்வதல்ல அது. அதிகாரம் இல்லை, அவ்வளவே. சொல்லின் லத்தீன் வேரிலும் ‘பொருந்தி வருதல்’ என்ற பொருள் உண்டு.

மருத்துவத்தில்தான் இந்தச் சொல் உண்மையில் புண்படுத்துகிறது. சரியாக மூடாமல் இரத்தத்தைப் பின்னால் கசியவிடும் இதய வால்வை ‘இன்காம்பிடென்ட்’ என்றால் வால்வு வருந்தாது. கரு முற்றும் முன்பே கருப்பை வாய் திறந்துகொள்ளும் நிலைக்கும் மருத்துவர்கள் நெடுங்காலம் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். பிள்ளையை இழந்து படுத்திருக்கும் பெண்ணின் கையில், அவள் உடம்பையே தகுதியற்றது என்று சொல்லும் தாளைக் கொடுப்பது கொடுமை. ஆங்கிலத்திலேயே இப்போது ‘போதாமை’ என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறி வருகிறார்கள். நம் மருத்துவர்கள் ‘கருப்பை வாய் பலவீனம்’ என்கிறார்கள். அந்தச் சொல் அவளைக் குற்றவாளி ஆக்குவதில்லை.

அகராதி தொகுப்போரிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தச் சொல்லுக்கு எதிரே ‘திறமையற்ற’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத்துக்குத் தகுதியின்மை, சட்டமன்றத்துக்கு அதிகாரமின்மை, உடலுக்குப் பலவீனம் என்று துறை குறித்து எழுதுங்கள்.